வாலிகண்டபுரத்தில் பசுந்தேநீர்

திருச்சியிலிருந்து சென்னை செல்லும் பெருஞ்சாலையில், பெரம்பலூரைக் கடந்து வடக்கே சிறிது தூரம் போனால் வாலிகண்டபுரம் வரும். வாலி பூஜித்த ஸ்தலம் என்பது ஐதிகம். வாலீசுவரரைத் தரிசித்து வெளியே வந்த எங்களுக்கு, வெயிலில் மோர்தான் நினைவுக்கு வந்தது. ஆனால் உறவினர் வீட்டில் கிடைத்ததோ பசுந்தேநீர்!

“பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை; இது என்ன கஷாயமா?” என்றார் எங்களுடன் வந்த பெரியவர்.

“குடித்துவிட்டுச் சொல்லுங்கள், மாமா” என்றார் வீட்டு அம்மாள்.

அவர் செய்த முறை எளிது. தண்ணீரைக் கொதிக்கவிட்டு இறக்கினார். இரண்டு மூன்று நிமிஷம் ஆறவிட்டு, ஆளுக்கு ஒரு தேக்கரண்டி இலை போட்டு மூடினார். இரண்டு நிமிஷத்தில் வடிகட்டிவிட்டார். கொதிநீரில் வெகுநேரம் கிடந்தால் இலை கசந்துவிடும். கறுப்புத் தேயிலையும் இதுவும் ஒரே செடியின் இலைகளே. பறித்த இலையைக் காற்றுப்பட்டுக் கறுக்கவிடாமல், உடனே ஆவியிலோ சட்டியிலோ சூடேற்றினால் அது பசுமையாகவே நின்றுவிடுகிறது.

இந்தப் பானத்தில் பாலும் சர்க்கரையும் இல்லாததால் தண்ணீரின் குணம் உடனே தெரிந்துவிடும். உப்புக் கிணற்று நீர் உதவாது. நல்ல குடிநீரே வேண்டும்.

இலை நீலகிரியில் விளைந்ததாம். அந்த மலைக்கும் இந்த மானாவாரிப் பூமிக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1869-இல் இலங்கையின் காப்பிச் செடிகளில் நோய் தோன்றிப் பரவியது. பின்னர் அங்கே தேயிலை பெருகியது. அத்தோட்டங்களுக்குக் கங்காணிமார் ஆள் திரட்டியது திருச்சி, சேலம், மதுரை போன்ற ஜில்லாக்களில்தான். வாலிகண்டபுரமும் 1995 வரை திருச்சியைச் சேர்ந்ததே. மலையைத் தோட்டமாக்கிய அம்மக்களுள் மிகப் பலரை 1948-ஆம் வருஷச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964-ஆம் வருஷ ஒப்பந்தத்தின்படி பல லட்சம் பேர் தாயகம் திரும்ப நேர்ந்தது. அவர்களுக்கு வாழ்வளிக்கவே 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கிற்று.

பொடித் தேயிலையில் இக்கதை கண்ணுக்குத் தெரியாது. பசுந்தேயிலையோ வெந்நீரில் சுருள் பிரிந்து, ஒருவர் கையால் கிள்ளிய தளிராகவே மிதக்கிறது. நேயர்கள் வடிகட்டிய இலையை உடனே கொட்டிவிட வேண்டாம். இன்னொரு முறை வெந்நீர் ஊற்றினால் மறுபடியும் ஒரு கோப்பை தரும். பறித்த கைக்கு நாம் செய்யும் சிறு மரியாதையும் அதுவே.