மகாச்சாய்: பூனைச் சாப்பாடு பொட்டலமாகும் துறைமுக ஊர்!

வீட்டில் பூனை வளர்க்கிறீர்களா? அதற்கு நீங்கள் வாங்கும் கிரேவி பாக்கெட்டை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் 'தயாரிப்பு: தாய்லாந்து' என்று இருக்க வாய்ப்பு உண்டு. உள்ளங்கை அளவு பை. பெரும்பாலும் 85 கிராம். ஓரத்தைக் கிழித்தவுடன் மீன் வாசனை. எங்கோ தூங்கிக்கொண்டிருந்த பூனை அடுத்த நொடி காலடியில் நிற்கும்!

அந்தச் சின்னப் பை புறப்படும் ஊர்களில் ஒன்று, தாய்லாந்தின் சமுத் சாக்கோன். பெயரைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிப் பாருங்கள்... சமுத்திரம், சாகரம்! இரண்டுமே கடல்தான். உள்ளூர் மக்கள் அழைக்கும் பெயர் மகாச்சாய். அதுவும் நமக்குத் தெரிந்த சொல்லே... மகா ஜெயம்.

ரயில் சந்தைக்குள் முடியும் ஊர்

பாங்காக்கின் தோன்புரி பக்கம் வோங்வியன் யாய் என்றொரு குட்டி ரயில் நிலையம். அங்கிருந்து மகாச்சாய்க்கு ஒரு மணி நேரப் பயணம். நூறு ஆண்டுகளைக் கடந்த பாதை இது. வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசுவதுபோல ரயில் போகும். கொடியில் காயும் துணி, தொட்டிச் செடி, வாசலில் குந்தியிருக்கும் பாட்டி என எல்லாமே கை நீட்டினால் எட்டும் தூரத்தில். கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் நேராகச் சந்தைக்குள்தான் கால் வைக்க வேண்டும். ஐஸ் பெட்டிகளில் இறால், கணவாய், நண்டு... தட்டுகளில் கருவாடு.

சந்தையைத் தாண்டினால் தா சின் ஆறு. ஆற்றோடு தண்டவாளம் நின்றுவிடுகிறது. படகில் ஏறி அக்கரை போய், பான் லேம் நிலையத்தில் அடுத்த ரயிலைப் பிடித்தால் மேக்லோங். ரயில் வரும்போது கடைக்காரர்கள் குடையை மடக்கிக்கொண்டு ஒதுங்கும் வீடியோ உங்கள் போனுக்கும் வந்திருக்குமே... அந்தச் சந்தை இருக்கும் ஊர்தான் அது. பெரும்பாலான சுற்றுலாப் பயணிகள் அதைப் பார்க்கும் அவசரத்தில் மகாச்சாயைக் கடந்துபோய்விடுவார்கள். ஆனால், இந்த ஊரின் கதை சந்தைக்கு வெளியே, தொழிற்சாலைகளின் மதில்களுக்குப் பின்னால் இருக்கிறது.

வெள்ளைச் சதை மனிதருக்கு... சிவப்புச் சதை பூனைக்கு!

டூனா எனப்படும் சூரை மீனை டப்பாவில் அடைத்து ஏற்றுமதி செய்வதில் தாய்லாந்து உலகின் முன்னணி நாடு. இத்துறையின் மிகப்பெரிய நிறுவனங்களில் ஒன்றான தாய் யூனியன் 1977-ல் தொடங்கியது இந்த ஊரில்தான். உறைந்த மீனை உருக வைத்து, வேகவைத்து, ஆறவைத்து, தோலும் முள்ளும் நீக்குகிறார்கள். வெளிர் நிறச் சதை மனிதர்களுக்கான டப்பாவுக்குப் போகும். முதுகெலும்பை ஒட்டி இருக்கும் கருஞ்சிவப்புச் சதைக்கு வாசனை தூக்கல், மனிதர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பூனைக்கு அதுதான் விருந்து!

ஒரு காலத்தில் உபபொருளாக இருந்த இந்தச் சதை, இன்று தனித் தொழில். தாய் யூனியனின் செல்லப்பிராணி உணவுப் பிரிவான ஐ-டெயில், 2022 டிசம்பரில் தாய்லாந்து பங்குச் சந்தையில் தனியாகப் பட்டியலிடப்பட்டது. பெரிய நிறுவனங்களைப் பார்த்துச் சிறிய நிறுவனங்களும் இந்தத் தொழிலில் இறங்குகின்றன. அப்படி இறங்கும் ஒருவர் எடுக்க வேண்டிய பெரிய முடிவு, 'எந்த பேக்கிங் மெஷினை வாங்குவது?' என்பது.

கையில் கொஞ்சம் சேமிப்பு, மீதிக்கு வங்கிக் கடன். ஒரே ஒரு மெஷின் வாங்கத்தான் பணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தவறான மெஷினை வாங்கிவிட்டால்? மாதத் தவணை நிற்காது, மெஷின் மட்டும் நின்றுவிடும்!

பைக்கு வயது 60-க்கு மேல்

அடியில் மடிப்புடன் தானாக நிற்கும் பையை 1962-ல் உருவாக்கியவர், பிரான்ஸின் லூயி டோயன். அவர் பெயரால்தான் அது 'டோய்பேக்'. அவர் நடத்திய தீமோனியே நிறுவனம், தையல் மெஷின் கண்டுபிடித்த பார்த்தலமி தீமோனியேவின் பெயரைத் தாங்கியது. துணியைத் தைத்தவரின் பெயரில், பிளாஸ்டிக்கைச் 'சூட்டால் தைக்கும்' தொழில்!

பைக்குள் வைத்தே உணவை வேகவைக்கும் முறையை 1968-ல் ஜப்பான் கடைக்குக் கொண்டுவந்தது. ஒட்சுகா நிறுவனத்தின் 'போன் கறி' என்ற குழம்புப் பாக்கெட் அது. மனிதர்களின் குழம்புக்காக வந்த அதே முறையில்தான் இன்று பூனையின் கிரேவியும் தயாராகிறது.

பையைப் பார்த்தால் ஒற்றைத் தாள் போலத்தான் இருக்கும். உண்மையில் பல அடுக்குகள். வெளியே அச்சடிக்க பாலியெஸ்டர், ஒளியும் காற்றும் புகாமல் இருக்க அலுமினியத் தாள், குத்தினால் கிழியாமல் இருக்க நைலான், உள்ளே சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ள பாலிபுரொப்பிலீன்.

மூன்று மெஷின்கள், ஒரு முடிவு

முதல் கேள்வி, உணவு உலர்ந்ததா, ஈரமா? மொறுமொறுப்பான உருண்டைத் தீனி என்றால், பிலிம் சுருளைக் குழாய் போல மடித்து, மேலிருந்து தீனியைக் கொட்டி, கீழும் மேலும் ஒட்டும் செங்குத்து மெஷின் போதும். சிப்ஸ் பாக்கெட் போடுவதும் இதே பாணிதான். இங்கே எதிரி, தூசியும் எண்ணெய்ப் பூச்சும்.

மகாச்சாயின் சரக்கு ஈரமானது. மீன் துண்டு, அதன் மேல் கிரேவி. இதற்கு இரண்டு வழிகள்.

ஒன்று, சுற்று மெஷின். கடையில் பை வாங்கி வருவதுபோல, தயாராக வெட்டி ஒட்டிய பைகளை அடுக்கிவைத்தால், மெஷின் ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுக்கும். 8 அல்லது 10 நிலையங்கள். ஒன்றில் தேதி அடிக்கும், அடுத்ததில் வாயைத் திறக்கும், பிறகு மீன், கிரேவி, நீராவி விட்டுக் காற்றை வெளியேற்றல், ஒட்டுதல். வேகம் நடுத்தரம். ஆனால், பையின் அளவை மாற்றுவது எளிது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஏற்றது.

இன்னொன்று, சுருளிலிருந்து பையைத் தானே செய்து, தானே நிரப்பும் கிடைமட்ட மெஷின். தயார்ப் பையைவிடச் சுருள் மலிவு, வேகமும் அதிகம். ஆனால் விலையும் அதிகம், அளவு மாற்ற நேரமும் அதிகம். ஒரே அளவுப் பையை ஆண்டு முழுக்க ஓட்டும் அளவுக்கு ஆர்டர் இருந்தால் மட்டுமே இது லாபம். 85 கிராம் இன்று, 70 கிராம் நாளை, நாய்க்குப் பெரிய பை நாளன்றைக்கு என்று பிழைக்கிறவர் இதை வாங்கினால் சிரமம்தான்.

விளம்பரத் தாளில் போட்டிருக்கும் வேகத்தை அப்படியே நம்பவும் கூடாது. நிமிடத்துக்கு 60 பை என்றால் 8 மணி நேரத்தில் 28,800. சுருள் மாற்றுவது, கழுவுவது, தடங்கல் எல்லாம் போக 70 சதவிகிதம்தான் ஓடியது என்றால் 20,160. கடன் கணக்கை எந்த எண்ணை வைத்துப் போடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம்!

ஒரு மீன் துணுக்கு போதும்...

பை மூடியதும் வேலை முடியவில்லை. ராட்சத பிரஷர் குக்கர் போன்ற 'ரிட்டார்ட்' கலனுக்குள் பைகள் தட்டுத் தட்டாக நுழையும். பையின் நடுப்பகுதி 121 டிகிரி செல்சியஸில் குறைந்தது 3 நிமிடம் இருந்ததற்குச் சமமான சூட்டைப் பெற வேண்டும். போட்டுலிசம் என்ற கொடிய நோய்க்குக் காரணமான நச்சை உருவாக்கும் கிருமியின் விதைகள் அப்போதுதான் அழியும். உள்ளே சூடேறும்போது பை உப்பி வெடிக்காமல் இருக்க, வெளியிலிருந்தும் அழுத்தம் கொடுப்பார்கள்.

இங்கேதான் பேக்கிங் மெஷினின் உண்மையான பரீட்சை. நிரப்பும்போது ஒரு மீன் துணுக்கோ, ஒரு சொட்டு எண்ணெயோ பையின் வாய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டால், அந்த இடத்தில் சீல் சரியாகப் பிடிக்காது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. குளிரவைக்கும்போது அந்த வழியாகத் தண்ணீரும் கிருமியும் உள்ளே போகும். கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் பை உப்பிவிடும். 28,800 பைகளில் 1 சதவிகிதம் கசிந்தால்கூட, ஒரு ஷிஃப்டுக்கு 288 பைகள். அதில் ஒன்று உப்பாமல், யாருக்கும் தெரியாமல், ஒரு வீட்டுப் பூனையின் தட்டுக்குப் போய்விட்டால்?

அதனால்தான் அனுபவசாலிகள் மெஷின் வாங்கும் முன், தங்கள் சொந்த மீன், சொந்த கிரேவி, சொந்தப் பையை எடுத்துக்கொண்டு மெஷின் தயாரிப்பாளரின் கூடத்துக்கே போகிறார்கள். வெறும் தண்ணீரை நிரப்பிக் காட்டினால் எந்த மெஷினும் அழகாகத்தான் ஓடும். மணிக்கணக்கில் ஓட்டி, பைகளை அழுத்திப் பார்த்து, சாயம் விட்டுக் கசிவு பார்த்து, வேகவைத்து, நாள்கணக்கில் சூடான அறையில் வைத்து உப்புகிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்து.

இன்னொரு விஷயம், ஊரின் காற்று. நெடுஞ்சாலை ஓரமெல்லாம் உப்பளங்கள் இருக்கும் பூமி இது. மீனிலும் உப்பு, காற்றிலும் உப்பு. சாதாரண 304 ரக எவர்சில்வரைவிட, உப்பைத் தாங்கும் 316 ரகம் விலை கூடுதல். தினமும் தண்ணீர் அடித்துக் கழுவும் இடத்தில், மீன் படும் பாகங்களில் இதில் மிச்சம் பிடித்தால் துரு வசூல் செய்துவிடும். ஒரு சீல் தாடையோ, உறிஞ்சு கிண்ணமோ கெட்டால் உதிரிபாகம் மறுநாளே கிடைக்குமா, கடல் தாண்டி வர வேண்டுமா என்பதும் முக்கியம். மீன் காத்திருக்காது!

மெஷினுக்கு முன்னால் நிற்கும் கைகள்

மகாச்சாய் சந்தையைச் சுற்றியுள்ள தெருக்களில் பர்மிய எழுத்துப் பலகைகளைப் பார்க்கலாம். கன்னத்தில் தனாக்கா பூசிய பெண்கள், லுங்கி கட்டிய ஆண்கள். மியான்மரிலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். 2012 மே மாதம், 24 ஆண்டுகளுக்குப் பிறகு முதல்முறையாகத் தன் நாட்டைவிட்டு வெளியே வந்த ஆங் சான் சூச்சி, இந்த ஊருக்கு வந்து அவர்களைச் சந்தித்தார்.

எத்தனை மெஷின் வந்தாலும், மீனின் முள்ளெடுப்பது பெரும்பாலும் இவர்களின் கைகள்தான். துண்டு நசுங்காமல் இருக்க, எடை போட்டு மெஷினின் கிண்ணங்களில் வைப்பதும் பல இடங்களில் கைகளே. தாய்லாந்து மீன்பிடித் தொழிலில் நடந்த கொத்தடிமைக் கொடுமைகளை 2015-ல் சர்வதேச ஊடகங்கள் வெளிக்கொண்டு வந்தபோது, இந்த ஊரின் இறால் உரிக்கும் கொட்டகைகளும் செய்தியில் வந்தன. அசோசியேட்டட் பிரஸ் அந்தத் தொடருக்காக 2016-ல் புலிட்சர் விருது பெற்றது. 2015 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் தாய்லாந்துக்குக் கொடுத்த 'மஞ்சள் அட்டை', மீன்பிடிச் சட்டங்கள் திருத்தப்பட்ட பிறகு, 2019 ஜனவரியில்தான் விலக்கிக்கொள்ளப்பட்டது.

ஆகவே, மெஷின் வாங்குகிறவர் பார்க்க வேண்டிய பட்டியலில் இன்னும் இரண்டு வரிகள் உண்டு. கதவைத் திறந்தால் சூடான தாடை தானாக நிற்கிறதா? அதன் எச்சரிக்கைத் திரை, அதன் முன்னால் நிற்பவருக்குத் தெரிந்த மொழியில் பேசுகிறதா?

மாலையில் தா சின் ஆற்றில் படகுகள் திரும்பும். படகுத்துறைப் பக்கம் பூனைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பையும் வேண்டாம், சீலும் வேண்டாம். வலையிலிருந்து விழும் மீன் போதும் அவற்றுக்கு. கடல் பார்க்காத நம் வீட்டுப் பூனைக்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

அடுத்த முறை பாக்கெட்டைக் கிழிக்கும் முன், ஒரு நொடி அழுத்திப் பாருங்கள். உப்பியிருந்தாலோ, ஓரம் ஈரமாக இருந்தாலோ தட்டில் கொட்டாதீர்கள். பையின் ஓரத்தில் இருக்கும் அந்த மெல்லிய கோடு நேராக, அழுத்தமாக இருந்தால், மகாச்சாயில் யாரோ சரியான மெஷினை வாங்கியிருக்கிறார், யாரோ கவனமாக மீனை வைத்திருக்கிறார் என்று அர்த்தம்!