சாம்பலைத் தாங்கிய வெண்கலம்

பெங்களூரு எம்.ஜி. ரோட்டில், கர்நாடக அரசின் ‘காவேரி’ கைவினைக் கடைக்குள் காலை வைத்ததுமே சந்தன மணம் எதிர்கொள்கிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் ஊதுபத்தியும் சோப்பும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சென்னையிலிருந்து வந்த ஒரு பயணியோ பிதிரி உலோகக் கலைப்பொருள்களின் அலமாரியை விட்டு நகரவில்லை. கன்னங்கரிய குடுவைகளில் வெள்ளிக் கொடிகள் ஓடின. சீனத்துத் தூபக்கால்களைப் பற்றிச் சில காலமாகப் படித்துவருபவர் அவர். அங்கேயும் வெண்கலத்தைச் செதுக்கி, பள்ளத்தில் வெள்ளிக் கம்பியை அடித்து இறக்கியிருக்கிறார்கள்.

பிதிரியின் உடல் வெண்கலம் அல்ல. துத்தநாகத்தில் கொஞ்சம் செம்பு. பீதர் கோட்டையின் பழைய மண்ணை நவச்சாரத்தோடு கலந்து தேய்த்தால் உலோகம் கறுத்துவிடும், வெள்ளி மட்டும் அப்படியே பளிச்சிடும். நல்ல மண்ணா என்பதை நாக்கில் வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார்களாம். அந்த ஊர்க் கலைஞர் ஷா ரஷீத் அகமது காத்ரிக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

சீனத்துக் கைவினைஞர்களுக்குப் பெயர் அவ்வளவு எளிதில் கிடைக்கவில்லை. ஹான் இளவரசர் லியு ஷெங் இறந்தது கி.மு. 113இல். 1968இல் மான்செங்கில் அவர் கல்லறையைத் திறந்தபோது, பொன்னிழைத்த வெண்கலத் தூபக்கால் ஒன்று வெளிப்பட்டது. உயரம் 26 செ.மீ.தான். மூடி முழுக்க மலைமுகடுகள்; இடையிடையே விலங்குகளும் வேட்டைக்காரர்களும். முகடுகளின் துளைகள் வழியே புகை மேகமாகக் கசியும். அத்தனை வேலையும் உள்ளே விழும் சாம்பலுக்காக!

மிங் பேரரசர் ஷுவான்தேயின் (1426–1435) கதை இன்னும் வேடிக்கை. சயாமியச் செம்பில் அவர் தூபக்கால்கள் வார்க்கச் சொன்னதாக மரபு. பின்வந்த நூற்றாண்டுகளின் வார்ப்பாளர்கள் தங்கள் நேர்த்தியான வேலைக்கு அடியிலும் அவர் முத்திரையையே குத்தினார்கள். விலை போக வேண்டுமே. மிங் காலத்தின் கடைசியில் ஹு வென்மிங் போன்ற ஒருசிலர்தான் துணிந்து சொந்தப் பெயரைப் பொறித்தார்கள்.

இந்தப் புகையில் தமிழர்களுக்கும் பங்குண்டு. 1077இல் சோழ நாட்டுத் தூதுக்குழுவாக 72 பேர் சீனத்துச் சோங் அரசவைக்குப் போனார்கள். கொண்டுபோன பொருள்களில் நறுமணப் பொருள்களும் இருந்தன. பதிலுக்குக் கிடைத்தவை 81,800 சரம் செப்புக் காசுகள் என்கிறது சீனப் பதிவு.

அப்படியிருக்க, உலகத்துக்கே ஊதுபத்தி அனுப்பும் பெங்களூரில் தூபக்கால் ஏன் பெரிய கலையாகவில்லை? பயணிக்குத் தோன்றிய காரணம் எளிமையானது. பொடிக்கும் பிசினுக்கும் தணல் வேண்டும், தணலுக்குப் பாத்திரம் வேண்டும். மூங்கில் குச்சியில் உருட்டிய பத்திக்கு இரண்டுமே வேண்டாம். பூஜைத் தட்டில் இருக்கும் வாழைப்பழத்தில் செருகினால் போதும். சாம்பிராணிக்கென்று மிச்சமிருந்த பித்தளைத் தூபக்காலையும் இப்போது ‘கப் சாம்பிராணி’ பரணுக்கு ஏற்றிவிட்டது. அதில் கிண்ணமும் சேர்ந்தே எரிந்துவிடுகிறது.