அம்பாசடரின் பின்கண்ணாடி

நோணாங்குப்பத்துல கார் வெச்சிருக்கறவங்களுக்கு ரெண்டு தொல்லை. ஒண்ணு, சுண்ணாம்பாறு படகுத்துறைக்கு வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டம். இன்னொண்ணு உப்புக்காத்து. முதலாவது சாயங்காலம் கலைஞ்சிடும். ரெண்டாவது ராத்திரியிலயும் வேலை பார்க்கும்.

அப்பா டாக்ஸி ஓட்டின அம்பாசடர்ல, பின்கண்ணாடி ரப்பருக்கு அடியில துரு. மழை பேஞ்சா பின்சீட்டெல்லாம் ஈரம். துருவைச் சுரண்டணும்னா கண்ணாடியைக் கழட்டியே ஆகணும். உடைஞ்சா வேற கண்ணாடிக்கு அலையணும். 2014லயே அம்பாசடர் உற்பத்தியை நிறுத்திட்டாங்க. "ஒழுகினா ஒழுகட்டும், விட்டுடுடா"ன்னார் அப்பா. என்னைப் படிக்க வெச்ச வண்டி அது. அவர் பயம் எனக்குப் புரிஞ்சுது.

பொட்டி தட்டுறவன் புத்தி, இறங்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் படிச்சேன் :-)

இப்போ முன்கண்ணாடின்னா ரெண்டு தகடு, நடுவுல பிளாஸ்டிக் படலம். பெனடிக்டஸ்ங்கற பிரெஞ்சுக்காரர் 1909ல காப்புரிமை வாங்கின யோசனை. உடைஞ்சாலும் ஒட்டிக்கிட்டு நிக்கும். பின்கண்ணாடி பெரும்பாலும் டஃபண்ட் வகை. 600 டிகிரிக்கு மேல சூடாக்கி, சட்டுனு காத்தடிச்சு குளிர வைப்பாங்க. மேல்பரப்பு இறுகி அமுங்கியிருக்கும், உள்பக்கம் இழுபட்டு நிக்கும். அதனால உள்ளங்கையால அழுத்தினா தாங்கும். ஓரத்துல ஸ்க்ரூடிரைவர் முனை பலமா பட்டா மொத்தமும் கல்கண்டாக் கொட்டிடும்.

ஆக, மொத்த வித்தையும் ஓரத்தைக் காப்பாத்தறதுதான்.

கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, முழுக்கால் பேண்ட் கட்டாயம். குழந்தைங்க கிட்ட வரக்கூடாது. கண்ணாடி மேல குறுக்கும் நெடுக்குமா அகல டேப் ஒட்டினோம். ரப்பர் இளகட்டும்னு வண்டியை வெயில்ல விட்டு, இடுக்குல சோப்புத்தண்ணி ஊத்தினோம். ரப்பர்ல லாக் பட்டை இருந்தா அதை முதல்ல உருவிடணும். உள்பக்க ரப்பர் உதட்டை மரச்சீவல் ஒண்ணால தகரத்துக்கு மேல கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினேன். இரும்பு எதுவும் தொடலை. அப்பா வெளியில நின்னு பிடிச்சுக்க, மேல்மூலையில ரெண்டு உள்ளங்கையையும் பரப்பித் தள்ளினேன்.

"மெதுவாடா... வருது, வருது..."

ரப்பரோட வந்துடுச்சு! சிமெண்ட் தரையில ஓரத்தை ஊன்றாம, பழைய மெத்தை மேல படுக்க வெச்சோம்.

துருவைச் சுரண்டி, ப்ரைமர், பெயிண்ட் அடிச்சு காய விட்டாச்சு. திரும்ப மாட்ட ஒரு நைலான் கயிறு போதும். தகரம் உட்காருற ரப்பர் பள்ளத்துல கயிறைச் சுத்தி, ரெண்டு முனையையும் வண்டிக்குள்ள விடணும். வெளியிலிருந்து ஒருத்தர் அழுத்த, உள்ள இருந்து கயிறை இழுத்தா ரப்பர் உதடு தானா ஏறிக்கும். இழுத்தது அப்பாதான், எனக்கு விடலை.

டிஸ்கி: புது கார்ல கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டியிருப்பாங்க, சூடேத்தற கம்பிக்கு ஒயரும் இருக்கும். அதுல இந்த வித்தையைக் காட்டாதீங்க மக்களே. கம்பியால பசையை அறுக்கத் தெரிஞ்சவங்க கிட்ட கொடுத்துடுங்க.