கோணற் சால்

செங்கம் சாலையோரத்து எங்கள் மல்லாட்டைக் கொல்லையில், புங்க மரத்தடியில், தந்தையார் வாங்கிய மாசி பெர்குசன் 1035 நின்றிருந்தது. அவர் மறைந்தபின் அதை எடைக்குப் போட்டுவிடத் தம்பியும் நானும் முடிவு செய்தோம்.

விலை மதிக்க வந்த முதிய மெக்கானிக், எஞ்சினை ஓடவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார். மூன்று சிலிண்டர்களின் ஓசையைக் கேட்டே ஒரு நாசில் அடைத்திருப்பதைச் சொன்னார். அரைமணியில் சரிசெய்தும் விட்டார். “வாத்தியாரே, இதையா எடைக்குப் போடுறீங்க?”

பழைய டிராக்டர்மீது சிலருக்கு ஏன் இத்தனை பித்து என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று. அதைத் திறந்து பார்க்கலாம்; செவியால் அறியலாம். இறுகிய மண்ணில் கலப்பை திணறினால் ஹைட்ராலிக் தானே அதைச் சற்று உயர்த்தும். அது ஹாரி பெர்குசனின் கண்டுபிடிப்பு. அவருடைய சிறு டிராக்டர்களில்தான் எட்மண்ட் ஹிலாரி 1958 சனவரியில் தென் துருவத்தை அடைந்தார். 1960இல் சென்னையில் தோன்றிய டாஃபே நிறுவனம் அவ்வழிவந்த வண்டிகளை நம் உழவருக்குத் தந்தது.

என் பதினோராம் வயதில் தந்தையார் என் கையை அந்த நெம்புகோலின்மேல் வைத்து அழுத்தினார். புத்தகம் போதுமென்று கையை உதறிக்கொண்டு ஓடியவன் நான்.

அவ்வாண்டுக் கோடை உழவில் இருக்கையில் நானே அமர்ந்தேன். சால் கோணலாகத்தான் போயிற்று.