கரியனுடன் ஒரு கடற்கரை யாத்திரை

நெய்வேலி நகரியத்தில் வசிப்பவர்களிடம் வீடு எங்கே என்று கேட்டால், தெருப் பெயருக்கு முன்னால் வட்ட எண்ணைச் சொல்வார்கள். நேரான வீதிகள், இருபுறமும் மரங்கள், அளந்து கட்டிய வீடுகள். எல்லாவற்றுக்கும் எண்ணும் எல்லையும் உள்ள ஊர் அது. அத்தகைய ஊரில் வாழ்ந்து பழகியவர்களுக்குக் கடற்கரையைக் கண்டதும் ஒரு மயக்கம் உண்டாவது இயல்பே. அங்கே வட்டம் இல்லை, வேலி இல்லை. யாருக்கும் சொந்தமில்லாத இடம்போல் தோன்றுகிறது. சென்ற பங்குனியில் நாங்களும் அந்த மயக்கத்துடன்தான் புறப்பட்டோம். அது தெளிந்த வரலாற்றையே இங்கே சொல்லப் போகிறோம்.

எங்கள் கோஷ்டி நால்வர் கொண்டது. நாங்கள் தம்பதிகள் இருவர், கல்லூரியில் படிக்கும் எங்கள் சிரஞ்சீவி, கரியன் என்னும் நாய். கரியன் ராஜபாளையத்து வம்சமும் அல்ல, சிப்பிப்பாறைக் குலமும் அல்ல. தெருவிலிருந்து தானாகவே வந்து எங்களைச் சுவீகாரம் செய்துகொண்ட அசல் சுதேசி. நிறமோ பழுப்பு. பழுப்பு நாய்க்குக் கரியன் என்று பெயரா என்று நேயர்கள் நகைக்கலாம். எங்கள் ஊர் நிலக்கரியும் பழுப்புத்தானே!

பிரயாணத்துக்குக் காரணம் சிரஞ்சீவி. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. அதில் ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் பெற்றார். அப்போட்டியில் தனிநபர் பதக்கம் வென்ற முதல் இந்தியர் அவரே. அன்று முதல் எங்கள் பிள்ளைக்குப் பலகைமீது நின்று அலையேறும் பித்துப் பிடித்துவிட்டது. "சமுத்திர ராஜனைக் கும்பிடலாம், அவன் தலைமேல் ஏறி நிற்பதா?" என்று அவன் தாயார் ஆட்சேபித்தாள். இருந்தாலும் இரண்டு நாள் விவாதத்துக்குப் பிறகு, புளியோதரை கட்டித் தந்தவளும் அவளே. மோட்டார் வண்டியில் கூடாரம், பாய், அரிசி, அடுப்பு, கரியனுடைய தட்டு எல்லாம் ஏறின. கரியனைக் கட்டும் கயிறு மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. பரந்த கடற்கரையில் கயிறு எதற்கு என்பது எங்கள் ஏகமனதான அபிப்பிராயம்.

புறப்பட்ட சிறிது நேரத்தில் வடலூர் வந்தது. வள்ளலார் 1867-இல் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் பசித்தவர்க்கு அன்னம் சமைக்கிறது. 1872-இல் எழுந்த சத்திய ஞானசபையையும் தரிசித்தோம். அதன் பயனாக, வழியில் கட்டுச்சாதத்தைப் பிரித்தபோது முதல் உருண்டை கரியனுக்கே கிடைத்தது. ஜீவகாருண்யம் மிகச் சுலபமான தர்மம் என்று அப்போது எங்களுக்குத் தோன்றிற்று.

நெய்வேலியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் சென்றால் கடலூர். தேவனாம்பட்டினத்தில் கரியன் முதன்முதலாகக் கடலைக் கண்டான். அலை பின்வாங்கியபோது வீரத்துடன் துரத்தினான். அது திரும்பி வந்தபோது எங்கள் கால்களுக்கிடையே புகுந்து கொண்டான். அந்தச் சாதுவான அலையைப் பார்க்கையில், 2004 டிசம்பர் 26-ஆம் தேதி இதே கரையில் பேரலை எத்தனை குடும்பங்களை வாரிச் சென்றது என்ற நினைவு எழாமலில்லை. 2011 டிசம்பர் 30-இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய 'தானே' புயல் எங்கள் நகரியத்து மரங்களையும் ஆயிரக்கணக்கில் சாய்த்தது. கடல் நம் ஊரில் இல்லாவிட்டாலும் நாம் கடலின் ஊரில்தான் இருக்கிறோம் என்று அன்று அறிந்தோம்.

புதுச்சேரியைத் தாண்டியபின் வேறொரு காட்சி. மணல் இருக்கவேண்டிய இடங்களில் கருங்கற்கள் குவிந்து கிடந்தன. வங்கக் கடலோரத்து மணல் ஓயாத பிரயாணி. தென்மேற்குப் பருவத்தில் அலைகள் அதை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் தெற்கே தள்ளுகின்றன. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதே மிகுதி. 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டிய கற்சுவர்கள் அந்தப் பிரயாணத்தை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே கரை கரைந்தது. 2018-இல் கடலடியில் ஆப்பு வடிவமான எஃகு அமைப்பொன்றை இறக்கிய பிறகு, நகரின் முகப்பில் மணல் ஓரளவு திரும்பியது. ஆனால் வடபுறத்து மீனவ ஊர்களுக்குக் கற்களே காவல்.

நெய்வேலிக்காரர்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல. 1956-இல் நிலக்கரி நிறுவனம் தோன்றியபின், பல கிராமத்தார் விட்டுக்கொடுத்த நிலத்தில்தான் சுரங்கமும் எங்கள் நகரியமும் எழுந்தன. ஓரிடத்தில் மண்ணை அசைத்தால் வேறு யாரோ இடம் பெயரவேண்டி வருகிறது. தேசத்துக்கு விளக்கும் வேண்டும், துறைமுகமும் வேண்டும். ஆயினும் விலை கொடுத்தவர் யார் என்பதை மறக்கலாகாது.

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து, மாலையில் ஒரு மீனவ கிராமத்தருகே வண்டியை நிறுத்தினோம். வெண்மணல் விரிந்து கிடந்தது. உற்சாகமாகக் கூடாரத்துக்கு முளை அடிக்கத் தொடங்கினோம். வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எழுந்து வந்தார்.

"எந்த ஊருங்க ஐயா?"

"நெய்வேலி."

"அங்கே உங்க வீட்டு வாசல்லே நாங்க வந்து வலை காயப்போட்டா என்ன சொல்வீங்க?"

அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எங்களுக்குத்தான் முகம் சிவந்தது. பிறகு அவரே சுட்டிக் காட்டினார்: இது படகு ஏற்றும் இடம், அது வலை உலர்த்தும் இடம், அதற்கப்பால் கருவாடு காயும் இடம். வட்ட எண் இல்லாத அந்தக் கரையில் அடிக்கு அடி உரிமையும் ஒழுங்கும் இருந்தன. ஊர்ப் பெரியவர்களிடம் எங்களை அழைத்துச் சென்று அனுமதி வாங்கித் தந்து, சவுக்குத் தோப்பின் ஓரத்தில் இடம் காட்டினார். இரண்டே நிபந்தனைகள்.

"ராவுலே விளக்கு வேண்டாம். நாயைக் கட்டிப் போடுங்க. இது ஆமை ஏறுற காலம்."

எங்களிடம் கயிறு ஏது? அவரே பழைய வலைக்கயிறு ஒன்று கொடுத்தார். கரியன் அதை அவமானமாகக் கருதி ஒரு நாழிகை அழுதான். "பாவம், அவிழ்த்து விடலாமே" என்றாள் இல்லத்தரசி. நாங்களும் ஏறக்குறையச் சம்மதித்துவிட்டோம்.

நள்ளிரவுக்குப் பின் கரியன் கயிறு அறும்படி இழுத்துக் குரைத்தான். முதியவர் மெல்ல வந்து எங்களை அழைத்தார். நட்சத்திர வெளிச்சத்தில், அலை எட்டாத மணலில் ஒரு பங்குனி ஆமை பின்கால்களால் குழி பறித்துக்கொண்டிருந்தது. இவ்வகை ஆமை ஒரு முறையில் சுமார் 100 முட்டைகள் இடும். இட்டபின் குழியை மூடி, தன் உடம்பாலேயே மணலைத் தட்டி இறுக்கிவிட்டு, திரும்பிப் பாராமல் கடலுக்குப் போய்விட்டது. முட்டை பொரிய 45 நாளுக்கு மேலாகும். வெளிவரும் குஞ்சுகள் கடல்மேல் தெரியும் மங்கிய ஒளியை நோக்கி ஓடும்; கரையில் விளக்கிருந்தால் திசை தப்பி மாண்டுபோகும். நாய்களோ மோப்பம் பிடித்து முட்டைகளைத் தோண்டித் தின்றுவிடும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் இந்த ஆமைகளைக் காக்கிறது. ஆனால் எந்தச் சட்டமும் அன்றிரவு கரியனைப் பிடித்திருக்க முடியாது. பிடித்தது அந்தக் கயிறுதான். ஜீவகாருண்யம் அத்தனை சுலபமன்று என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கிற்று.

மறுநாள் மாமல்லபுரம் கடந்து, செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளம் சேர்ந்தோம். மீனவக் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன் 2012-இல் இங்கே அலைச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கினார். குடியும் புகையும் கூடாது என்பது அவர் தம் இளைஞர்களுக்கு விதித்த நெறி. இந்தக் கலை ஹவாய்த் தீவினருடையது, மறுக்கவில்லை. ஆனால் நாலைந்து கட்டைகளைக் கயிற்றால் பிணைத்து அலையைக் கடந்த குலத்தாருக்கு இது எத்தனை தூரம்? கட்டுமரம் என்ற நம் சொல்லையே ஆங்கிலேயரும் எடுத்துக்கொண்டார்கள் அல்லவா?

"பலகையைப் பாக்காதீங்க தம்பி, கரையைப் பாருங்க" என்று மீனவ இளைஞர் ஒருவர் சிரஞ்சீவிக்குக் கற்பித்தார். ஆழம் குறைந்து மணல் மேடிடும் இடத்தில்தான் அலை எழுந்து மடியும் என்றும் விளக்கினார். ஆமைக்கும், படகுக்கும், பலகைக்கும் ஒரே மணலே ஆதாரம்! பதினேழு முறை விழுந்த பிள்ளை, பதினெட்டாம் முறை மூன்று விநாடி நிமிர்ந்து நின்றான். சமுத்திர ராஜனுக்காக வாதாடிய தாயார்தான் முதலில் கை தட்டினாள். கரியன் கயிற்றோடு குதித்துக் குரைத்தான்.

கடற்கரைக்குப் புறப்படும் நேயர்கள் கூடாரத்தை மறந்தாலும் பாதகமில்லை. தோப்பு நிழல் இருக்கிறது. ஊராரிடம் கேட்க மறக்கவேண்டாம். நாயை அழைத்துச் சென்றால் கயிற்றையும் மறக்கவேண்டாம். அந்த வலைக்கயிறு இப்போது எங்கள் வாசலில் ஆணியில் தொங்குகிறது. அடுத்த பங்குனியில் அதைத் திருப்பிக் கொடுக்கப் போகவேண்டும்.