கசப்புக் குளிசையும் சதையிப் புற்றுநோயும்

“சேர், மருந்துக்கு நோய் கட்டுப்படாமற் போவதைத் தமிழில் எப்படிச் சொல்வது?” என்று, மிசிசாகாவில் எமது சனிக்கிழமை வகுப்பில் மாணவி ஒருத்தி வினவினாள். சதையிப் புற்றுநோயால் வருந்திய தன் அம்மம்மாவுக்கு வைத்தியர் கூறுவதை மொழிபெயர்ப்பவள் அவளே. ‘மருந்தெதிர்ப்பு’ என்ற சொல்லைக் கொடுப்பது எளிது. அதன் பொருளை விளக்கவே இக்கட்டுரை.

ஈழத்துப் பாடநூல்களில் சதையி என்று நாம் கற்பித்த உறுப்பைத் தமிழகத்தார் கணையம் என்பர். (1921இல் ரொறன்ரோவில் பான்ரிங்கும் பெஸ்ற்றும் இன்சுலினைப் பிரித்தெடுத்தது இவ்வுறுப்பிலிருந்தே.) இப்புற்றுநோய் கண்டவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல், கட்டியின் கலங்களில் கே-ராஸ் எனும் பரம்பரையலகு விகாரமடைந்திருக்கும். அது ‘வளர், வளர்’ என்று ஓயாது கட்டளையிடும். அக்கட்டளை செல்லும் வழியை மருந்தால் அடைத்தால் கலம் பட்டினி கிடக்கும், ஆனால் மடியாது. தன் உட்பகுதிகளையே சிதைத்து உண்டு உயிர் தாங்கும். மருந்தெதிர்ப்பின் வழிகளுள் இதுவும் ஒன்று. இத்தன்னுண்ணலின் பொறிமுறையை விளக்கியமைக்காக யப்பானிய அறிஞர் யொஷினோரி ஓசுமி 2016இல் நோபல் பரிசு பெற்றார். விதைநெல்லையும் குற்றி உண்ட குடும்பங்களை வன்னியிற் கண்ட எனக்கு இது விளங்காத செய்தியன்று.

அவ்வழியையும் அடைப்பது நமக்குப் பழகிய மலேரியாக் குளிசையின் உறவே! குளோரோகுயினின் இனத்ததாகிய ஐதரொட்சிகுளோரோகுயின், கலத்தினுள் சமிபாடு நிகழும் பைகளின் அமிலத்தன்மையைக் குறைத்து அவற்றை முடக்குகிறது. 1990களில், பொருளாதாரத் தடையின் நடுவே, குளோரோகுயினுக்காக வரிசையில் நின்ற சிறுவருள் யானும் ஒருவன். அக்கசப்பு நாவை விட்டு இன்னும் அகலவில்லை.

புற்றுநோய்க்குத் தனியே கொடுத்தபோது இக்குளிசை பயன்தரவில்லை. 20 நோயாளரிடம் நடத்திய அமெரிக்க ஆய்வொன்று 2014இல் இதனை வெளிப்படுத்தியது. கட்டளையை மறிக்கும் மருந்தும் தனித்து வெல்லவில்லை. 2019இல் யூற்றா, வட கரோலினா ஆய்வாளர்கள் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தியபோது, ஆய்வுகூடக் கலங்கள் மடிந்தன. எலிகளில் வளர்ந்த கட்டிகள் ஒடுங்கின. யூற்றாவில் நோயாளர் ஒருவரின் கட்டியும் சுருங்கிற்று. ஒருவர் ஒருவரே, அதனைக்கொண்டு மருந்து கிடைத்துவிட்டதென முழங்குவோரை யான் நம்பேன். இக்குளிசையைத் தாமாக வாங்கி விழுங்குவோருக்குக் கண்ணும் இதயமும் பழுதுறக்கூடும் என்பதையும் பெற்றோர் அறிதல் வேண்டும்.

ரொறன்ரோவின் இளவரசி மாகிரெட் புற்றுநோய் நிலையத்தினர் பங்குகொண்ட ‘கொம்பஸ்’ ஆய்வில், சிகிச்சை தொடங்குமுன் எடுத்த கட்டி மாதிரிகளின் பரம்பரையலகுகள் வாசிக்கப்பட்டன. ஒரே பெயர் கொண்ட இந்நோயில் இருவகை உண்டென்பதையும், அவற்றுள் ஒன்று வழமையான மருந்துகளுக்கு எளிதிற் பணியாது என்பதையும் 2018இல் வெளியான அதன் முடிவுகள் காட்டின. எனவே, வீட்டில் மொழிபெயர்க்கும் பிள்ளைகளே, ‘எந்த மருந்து?’ என்று வைத்தியரைக் கேட்குமுன், ‘கட்டியின் பரம்பரையலகுகளைச் சோதித்தீர்களா?’ என்று கேளுங்கள்.