கோட்டுப்பூ

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகிற சாலையில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குச் சற்று முன்னால் இருக்கிறது தோவாளை. விடிவதற்கு வெகுநேரம் முன்பே அங்கே பூச்சந்தை கூடிவிடுகிறது. ஓசூர் ரோஜா, மதுரை, திண்டுக்கல் பக்கத்து மல்லிகை, சுற்றுவட்டாரத் தோட்டங்களின் பிச்சி, அரளி, சம்பங்கி எல்லாம் மூட்டை மூட்டையாக இறங்கி, பெரும்பகுதி கேரளத்துக்கு வண்டியேறிவிடும். அந்தச் சந்தையைப் பற்றி எழுதியவர்கள் நிறைய. நான் பார்க்கப் போனது சந்தை கலைந்த பிறகு நடக்கிற வேலையை, மாலை கட்டும் கைகளை. அதுவும் ஒரு கேள்வியோடு போனேன். நம் கல்யாண வரவேற்புகளில் மாப்பிள்ளையும் அவர் தோழரும் கோட்டில் ஒரு சின்னப் பூவைக் குத்திக்கொள்கிறார்களே, அதை இந்தக் கைகளிடம் ஏன் யாரும் கேட்பதில்லை? பார்த்த வரையில் எனக்கு ஐயமில்லை. அந்தப் பூ மாலை கட்டுகிறவர்கள் செய்ய வேண்டிய வேலை. அவர்களிடம் கொடுத்தால் பூவும் நன்றாக அமையும், அவர்கள் கூலியும் நியாயமாகும்.

தோவாளைக்கு அடையாளம் மாணிக்கமாலை. 2025இல் புவிசார் குறியீடு பெற்றது. 1956 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரோடு இருந்தது. பத்மநாபசுவாமி கோயிலுக்குப் பூ போன வழியில் வளர்ந்த கலை இது. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை, கட்டுவதற்குச் சம்பா நார், இவ்வளவுதான் சரக்கு. மற்ற மாலைகள் உருண்டையாக இருக்கும். நாரைச் சுற்றி நாலாபுறமும் பூ நிற்கும். மாணிக்கமாலையோ பாய் பின்னியதுபோலத் தட்டை. அரளியை மடித்து, நிறம் மேலே தெரியும்படி படுக்கவைத்து, அடுத்த பூவை அதன்மேல் சற்று ஏற்றி, நாரை ஒரு சுற்றுச் சுற்றி இறுக்குகிறார்கள். இறுக்கும் அந்த நொடியில்தான் வித்தை இருக்கிறது. கொஞ்சம் தளர்ந்தால் வரிசை நெளியும், கொஞ்சம் கூடினால் இதழ் நசுங்கி நீர்விட்டுக் கறுக்கும். நனைத்த நார் விரலுக்கு வளைந்து கொடுக்கிறது. காயக் காயத் தானே இன்னும் இறுகுகிறது. எவ்வளவு இறுகும் என்பதைக் கணக்கில் வைத்தே முதல் சுற்றைப் போட வேண்டும். வரிசைகள் சேரச் சேரச் சிவப்புக் கட்டங்கள் வெள்ளைக்குள் கல் பதித்ததுபோல எழுகின்றன. ஓரத்தில் நொச்சியின் பச்சை. பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை.

இனி கோட்டுப்பூவுக்கு என்ன தேவை என்று பார்ப்போம். அது குத்தப்படுகிற இடம் கோட்டின் இடப்பக்க மார்பு மடிப்பு. அகலம் மூன்று அங்குலம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். அங்கே கனமான பூ வைத்தால் மடிப்பு முன்னால் சரியும். மேடையில் நானூறு பேர் வந்து கட்டித் தழுவுவார்கள். புடைத்து நிற்கிற பூ முதல் பத்துப் பேரோடு நசுங்கிவிடும். தண்ணீர் இல்லாமல் நாலைந்து மணி நேரம் தாங்க வேண்டும். ஆக, தட்டையானது, இலேசானது, இறுக்கமானது, வாடாதது வேண்டும். இப்போது மண்டப அலங்காரத்தோடு இலவச இணைப்பாகக் கிடைப்பது என்ன? ஒரு ரோஜாவின் காம்பை ஒரு அங்குலத்துக்கு நறுக்கி, கம்பி செருகி, பச்சை நாடா சுற்றி, பக்கத்தில் ஜிப்சோபிலாக் கொத்தும் ஒரு பெரணி இலையும் வைத்தது. ரோஜா உருண்டை, முன்கனம் அதிகம், பத்து நிமிடத்தில் தலை குப்புறக் கவிழும். அதற்குப் பயந்தவர்கள் பிளாஸ்டிக் பூவை வாங்குகிறார்கள். மேற்கில் இந்தப் பழக்கம் வளர்ந்தபோது கோட்டே அதற்கு ஏற்பாடு செய்து கொடுத்தது. மடிப்பில் ஒரு பொத்தான் துளை, அதன் பின்புறம் காம்பைப் பிடித்துக்கொள்ள ஒரு நூல் வளையம். பிரெஞ்சில் இந்தப் பூவுக்குப் பெயரே பொத்தான் துளை என்ற பொருளில்தான். இன்று நாம் வாங்கும் ஆயத்த கோட்டுகள் பலவற்றில் துளை வெறும் தையல், வளையமும் கிடையாது. ஆகவே முழுப் பாரமும் ஒரு குண்டூசியின் மேல். இந்தச் சிக்கல் அத்தனைக்கும் தட்டையாகக் கட்டத் தெரிந்த கை ஏற்கெனவே விடை வைத்திருக்கிறது. மாணிக்கமாலையின் நாலு வரிசையை மட்டும் இரண்டு அங்குலத்துக்குக் கட்டினால் அது மடிப்போடு மடிப்பாகப் படிந்து கிடக்கும். பின்புறத்து நார்ப் பின்னலில் ஊசி எங்கே நுழைந்தாலும் பிடித்துக்கொள்ளும்.

கோட்டே நம்முடையது இல்லை, அதில் குத்துகிற பூவுக்கு இவ்வளவு கவலையா என்று கேட்பவர்கள் உண்டு. கோட்டு வந்தது வெளியிலிருந்து என்பது உண்மை. ஆண் பூ அணிவது வெளியிலிருந்து வந்ததில்லை. சங்க இலக்கியத்தில் தலைக்குக் கண்ணி, மார்புக்குத் தார். சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. ஆநிரை கவரப் போகிறவன் வெட்சி சூடினான், மீட்கப் போகிறவன் கரந்தை சூடினான், வென்றவன் வாகை சூடினான். இன்னார், இன்ன காரியமாக வந்திருக்கிறார் என்று ஒரே பூவில் சொல்வது அங்கே அன்றாட வழக்கு. கல்யாணக் கூட்டத்தில் மாப்பிள்ளை யார், அண்ணன் யார், மைத்துனர் யார் என்று கோட்டுப்பூ சொல்வதும் அதே வேலையைத்தான். இடைக்காலத்தில் பூவைப் பெண்ணின் கூந்தலுக்கும் சாமிக்கும் ஒதுக்கிவிட்டு, ஆணுக்குக் கல்யாண மாலையையும் அரசியல் மேடைச் சால்வையையும் மட்டும் விட்டுவைத்தோம். நேரு தன் அச்கனில் செருகிய ரோஜா நாடறிந்த அடையாளம் ஆனது. அதைப் பார்த்தும் நம் வேட்டி சட்டைக்காரர்கள் யாரும் ஒரு பிச்சிப்பூவைச் செருகிக்கொள்ளவில்லை. பழந்தமிழில் கோட்டுப்பூ என்றால் மரக்கிளையில் பூப்பது. கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்ற வரிசையில் முதலாவது. இன்றைய கோட்டில் குத்துகிற பூவுக்கும் அதே சொல் தற்செயலாக அமைந்துவிட்டது. எனக்கு அது பிடித்திருக்கிறது. இந்தக் கட்டுரை முழுக்க அதையே எழுதுகிறேன்.

எதைக் கொண்டு கட்டுவது என்பதில்தான் நம் ஊர் வளம் தெரிகிறது. மல்லிகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகை ஆனாலும் சரி, வேறெந்த ஊர் மல்லிகை ஆனாலும் சரி, பறிப்பது விடியற்காலையில், மொட்டாக. அது வாய் திறப்பது அந்தியில். வரவேற்பு தொடங்குவதும் அந்தியில். காலையில் ஏழெட்டு முற்றின மொட்டுகளை ஒரு மருக்கொழுந்து இணுக்கோடு நெருக்கிக் கட்டி, வாழை இலையில் பொதிந்து, ஈரத்துணி சுற்றி வைத்தால், மாப்பிள்ளை மேடையேறும் நேரத்தில் அவர் மார்பிலேயே பூ விரியும். வெளிநாட்டு ஆர்க்கிட் எவ்வளவு விலையானாலும் இதைச் செய்யாது. குளிரூட்டிய மண்டபத்தின் உலர்ந்த காற்றில் மல்லிகை சீக்கிரம் பழுப்பேறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். திறந்த வெளி வரவேற்புக்கே அது பொருத்தம். குளிர் மண்டபத்துக்கு வாடாமல்லி இருக்கிறது. பெயருக்கேற்பக் காய்ந்தாலும் நிறம் விடாது, உதிராது. ஜிப்சோபிலாவின் இடத்துக்குச் சிறுபீளை. பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக் கட்டும்போது ஆவாரம்பூவோடும் வேப்பிலையோடும் சேர்த்துக் கூரையில் செருகுகிறோமே, அதேதான். பஞ்சுபோன்ற வெள்ளைக் கதிர், காய்ந்தாலும் உருக்குலையாது. தை மாதக் கல்யாணங்களுக்கு வயல் வரப்பிலேயே கிடைக்கும். தென்னங்குருத்தில் கிளியும் முடிச்சும் செய்து தோரணம் கட்டுகிறவர்கள் அதே முடிச்சை ஒன்றரை அங்குலத்தில் செய்தால் பூவே இல்லாத கோட்டுப்பூ. இரண்டு நெற்கதிரை அதன் நடுவே செருகினால் விவசாயக் குடும்பத்து மாப்பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான அணி இல்லை. மதுரைக்காரர் பூத்த வேப்பங்கொத்து ஒன்றை வைத்துக்கொள்ளலாம், காரணத்தை யாராவது கேட்டால் சொல்லவும் கதை இருக்கிறது.

பூவைத் தாண்டியும் ஒரு பொருள் இருக்கிறது: நெட்டி. குளங்களில் வளரும் ஒரு செடியின் தண்டைச் சீவினால் உள்ளே தந்தம்போன்ற வெள்ளை. எடை என்று சொல்ல ஒன்றும் இருக்காது. தஞ்சாவூரில் அதைக் கத்தியால் செதுக்கிப் பெரிய கோயிலின் சிறு வடிவம்வரை செய்கிறார்கள். 2020இல் தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மாட்டுப் பொங்கலன்று மாட்டின் கழுத்தில் விழுகிற வண்ண நெட்டிமாலையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மெல்லிய தாளாகச் சீவிய நெட்டியை இதழாக வளைத்துக் கட்டிய ஒரு தாழம்பூ அல்லது தாமரை மொட்டு, கோட்டில் ஊசி குத்திய சுவடே தெரியாத அளவுக்கு இலேசாக நிற்கும், கல்யாணம் முடிந்த பிறகும் பெட்டியில் இருக்கும். பிளாஸ்டிக் பூவை விரும்புகிறவர்கள் சொல்லும் ஒரே நியாயமான காரணம் அது வாடாது என்பது. நெட்டியை வைத்துப் பார்த்தால் அந்தக் காரணமும் நிற்கவில்லை.

அரளியைப் பற்றி வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அரளி முழுக்க நச்சு; இலை, பூ, பால் எதுவும் வாய்க்குப் போகக் கூடாது. கையால் இனிப்பு ஊட்டுகிற மேடையில், மாப்பிள்ளையின் இடுப்பில் அண்ணன் குழந்தை ஏறி உட்கார்ந்து மார்புப் பூவைப் பிய்க்கிற இடத்தில், அரளி வேண்டாம் என்பதே என் கருத்தும். அது சாமிக்குப் போகிற பூ, மனிதன் குத்திக்கொள்ளலாமா என்ற தயக்கமும் சிலருக்கு இருக்கும். இரண்டுக்கும் விடை ஒன்றுதான்: நாம் கடன் வாங்குவது கட்டும் முறையை. சம்பங்கி மொட்டையும் வாடாமல்லியையும் அதே தட்டை வரிசையில் அடுக்கலாம். அப்படிக் கட்டியதற்கு மாணிக்கமாலை என்ற பெயரையும் வைக்கக் கூடாது. குறியீடு பெற்ற பெயர் அதற்குரிய பூவோடும் இலையோடும் நாரோடும் அந்த ஊரோடும் இருக்கட்டும். கோட்டில் கறை படியும் என்பது இன்னொரு கவலை. நாரின் ஈரத்தை ஒரு துணியில் ஒற்றிவிட்டுப் பின்புறம் ஒரு துண்டு வாழைப்பட்டை வைத்துக் கட்டினால் தீர்ந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது கூலி. பூக்கட்டும் தொழிலில் விலை பூவோடு ஏறி இறங்குகிறது. முகூர்த்த நாளில் மல்லிகை விலை தாறுமாறாக ஏறும். மாலை விலையும் ஏறும். ஆனால் கட்டுக்கூலி, கிலோவுக்கு இவ்வளவு, மாலைக்கு இவ்வளவு என்று பேசினபடியே நிற்கும். வாங்குகிறவர் மாலையைத் தூக்கிப் பார்க்கிறார்; கனமாக இருந்தால் கொடுத்த காசுக்குத் தகும் என்று நினைக்கிறார். முழம் போட்டு விற்கிற சரத்திலும் கண்ணில் படுவது பூவின் நெருக்கம். கட்டின நேரம் கணக்கில் எங்கும் தனியாகத் தெரிவதில்லை. கோட்டுப்பூவில் இது தலைகீழாகிறது. அதில் பூவின் எடை சில கிராம். பூவின் விலை கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மிச்சம் முழுவதும் கை. நாலு வரிசையைப் பிசகாமல் கட்ட ஆகும் நேரத்துக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம் என்பது இரண்டு பக்கமும் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. சின்னப் பூவுக்கு என்ன பெரிதாகக் கிடைத்துவிடும் என்பார்கள். ஒன்றுக்குக் கிடைப்பது சிறிதுதான். ஆனால் மாலை ஒரு ஜோடி என்றால் கோட்டுப்பூ மாப்பிள்ளைக்கு, தோழருக்கு, இரண்டு அப்பாக்களுக்கு, மாமன்களுக்கு என்று பத்துக்கு மேல் போகும். கல்யாணமே இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் நெட்டிப் பூவைச் செய்து சேர்த்துவைக்கலாம். இன்றைக்கு விற்காவிட்டால் நாளைக்குக் குப்பை என்ற பயம் பூக்கட்டுகிறவர்களை அடிமாட்டு விலைக்குத் தள்ளுகிறதே, அது இதில் கிடையாது.

அலங்காரக் குத்தகைக்காரர் மொத்தமாகப் பேசி முடித்துவிடுகிறார், தனியாகப் போய்ச் சொல்ல யாருக்கு நேரம் என்பது கடைசித் தடை. உண்மையில் அதற்கு வேண்டியது ஐந்து நிமிடம். மாலைக்கு அச்சாரம் கொடுக்கப் போகும்போது கோட்டின் நிறத்தில் ஒரு துண்டுத் துணியைக் கையோடு கொண்டுபோக வேண்டும். கறுப்புக் கோட்டில் நொச்சிப் பச்சை மறைந்துவிடும், மருக்கொழுந்தின் சாம்பல் பச்சை எடுக்கும் என்பதைக் கட்டுகிறவர் பார்த்தவுடன் சொல்லிவிடுவார். வரவேற்பு எத்தனை மணிக்கு, மண்டபம் குளிரூட்டியதா என்று சொல்ல வேண்டும். எந்தப் பூ என்பதை அவரிடமே விட்டுவிடலாம். மாலைக்கடை நோட்டில் மாலை ஜோடி ஒன்று, ஜடை ஒன்று, பந்து இரண்டு என்று எழுதுவார்கள். அதற்குக் கீழே, மாலையோடு சேர்க்காமல், தனி வரியில் தனி விலையோடு எழுதச் சொல்ல வேண்டும்: கோட்டுப்பூ, பன்னிரண்டு.